ஓலைத்தடிக்குப் பக்கத்தில் எறிந்த பொய்மீன்

இரணைமடு
மாசி மாதம், வெள்ளிக்கிழமை

அன்பு மகன் அனோஜனுக்கு அம்மா எழுதிக்கொள்வது,

நானும் தங்கச்சி சுதாஜினியும் அம்மன் துணையால் சுகமாக இருக்கிறோம். நீயும் அந்தக் குளிருக்குள் காய்ச்சல் தடிமன் இல்லாமல் இருக்க வேண்டுமென்று கேட்டுத்தான் காலையில் விளக்குக் கொளுத்தினேன். சுகம் கேட்டது இவ்வளவும்தான். வழக்கம்போல ராசா என்று தொடங்க எனக்கு மனம் வரவில்லை. போன் இருக்க எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் இந்தக் கதையை எடுத்தால் உனக்கு லைன் கிளியர் இல்லாமல் போகிறது, வட்ஸ்அப்பில் எழுதினால் பாதி வாசித்துவிட்டுக் கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்புகிறாய். கடதாசிக்குக் கட்டைவிரல் காட்ட முடியாது. உன் பெரியம்மாவின் மகள் பத்மாசனி லீவு முடிந்து கனடா திரும்புகிறாள், அவள் கையில் இதையும் ஒரு சின்னப் பொதியையும் கொடுத்துவிடுகிறேன். பொதியைப் பிறகு பிரி, முதலில் இதை முழுக்க வாசி.

தங்கச்சிக்குப் படிப்பிக்க ஜெயபுரம் பள்ளிக்கூடத்துக்கு மாற்றம் வந்திருக்கிறது. பூநகரிப் பக்கம் பஸ் எப்போது வரும் என்று பஸ்காரனுக்கே தெரியாது, அதனால் ஸ்கூட்டியில் போய் வருகிறாள், வீடு வந்து சேரும்போது தலைமயிரெல்லாம் செம்மண். அவளுக்கு முறிகண்டிப் பக்கத்திலிருந்து ஒரு சம்பந்தம் பேசி வந்தார்கள். நல்ல இடம், பெடியனும் கெட்ட பழக்கம் இல்லாதவன். அந்தத் தாய் மனிசி வந்து கதிரையில் இருந்ததும் இருக்காததுமாகக் கேட்ட முதல் கேள்வி, அந்த விரால் மீன் வீடியோக்காரன் உங்கள் மகன்தானே என்று. அந்த நேரம் எனக்குப் பெருமையாகவும் இருந்தது, ஓம் என்று சொல்லித் தேத்தண்ணியோடு பயற்றம் பணியாரமும் வைத்தேன். இப்போது ஊரில் நடந்ததைக் கேள்விப்பட்ட பிறகு அவர்கள் பக்கமிருந்து ஒரு சத்தமும் இல்லை. தங்கச்சி அதைப் பற்றி வாய் திறக்கவில்லை, நான்தான் எழுதுகிறேன். உன் வீடியோவால் உனக்கு எத்தனை பேர் கை தட்டினார்கள் என்று எனக்குத் தெரியாது, இங்கே அதற்கு விலை கொடுத்தவர்களில் உன் தங்கச்சியும் ஒருத்தி.

மார்கழியில் நீ வந்து நின்றபோது அந்தப் பெட்டியைத் திறந்து மேசை முழுக்கப் பரப்பி வைத்தாய். லூர் என்று நீ சொல்லுகிற பொய்மீன்கள், ஒன்று கெண்டைக்குஞ்சு மாதிரி, ஒன்று ரப்பர் தவளை, ஒன்றுக்கு நாக்குக்குக் கீழே தகரத் தகடு. இது மேலால் ஓடும், இது ஆழத்தில் ஓடும், இதை எறிந்து இழுக்க வேண்டும், இதை வள்ளத்துக்குப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டே போக வேண்டும் என்று எனக்கு விளங்கப்படுத்தினாய். மீன் இதைத் தின்னவும் போவதில்லை, நீ அந்த மீனைத் தின்னவும் போவதில்லை, அப்படியென்றால் இந்த யாவாரத்தில் யாருக்கு லாபம் என்று கேட்டேன். சிரித்தாய். வெளியே போகிற நேரம் என் கடைக்குள் வந்து, வலை பொத்துகிற செம்மஞ்சள் நூலில் ஒரு முழம் வெட்டி எடுத்து, அந்தக் கெண்டைக்குஞ்சுப் பொய்மீனின் வாலில் குஞ்சம் மாதிரிக் கட்டினாய். அந்த நூல் இந்தப் பக்கத்தில் என் கடையில் மட்டும்தான் இருக்கிறது, சிலாபத்திலிருந்து நான் எடுப்பிக்கிறது. அதை ஞாபகம் வைத்துக்கொள், பின்னால் வருகிறது.

எங்கள் பழைய வள்ளத்தில் நீ கொண்டு வந்த பற்றரி மோட்டரைப் பூட்டி, தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாய்ப் போனாய். குளம் நிறைந்து கிடந்த நேரம், வான்கதவு திறந்து மூடிய கிழமை. உனக்கு நான் சொல்லித் தரத் தேவையில்லாத ஒன்றை இப்போது சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நீ மறந்துவிட்டாயா அல்லது மறந்த மாதிரி நடந்தாயா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. விரால் அந்த மாதத்தில்தான் கரையோரப் புல்லுக்குள் குஞ்சு பொரிக்கிறது. குஞ்சுகள் சிவப்பாய்க் கூட்டமாய் மேலே வந்து மூச்செடுக்கும்போது அந்த இடத்தில் தண்ணீர் கொதிக்கிற மாதிரி இருக்கும். தாயும் தகப்பனும் அடியில் காவல் நிற்கும், எது கிட்ட வந்தாலும் பாய்ந்து கடிக்கும். அந்தக் கூட்டத்தைக் காணுகிற ஆள், அது யாராயிருந்தாலும், ஒரு தடியில் காவோலை கட்டிப் பக்கத்தில் நட்டுவிட்டு வருவான். ஓலைத்தடி நிற்கிற இடத்தில் குஞ்சு பெருத்துக் கலைந்து போகும்வரை ஒருவரும் வலை விடமாட்டார்கள், தூண்டில் போடமாட்டார்கள். சண்டைக்காரன் நட்ட தடியென்றாலும் மற்றவன் தொடமாட்டான். சட்டமும் இல்லை, காவலும் இல்லை, அது இந்தக் கரையில் ஆட்களுக்குள் இருக்கிற ஒரு சொல். சின்னனில் நீயே எங்கள் துறையில் வலை விடுகிற நல்லதம்பி மாமாவோடு வள்ளத்தில் போய்க் காவோலை கட்டிக் கொடுத்திருக்கிறாய்.

அந்த நீ கமராவைப் பார்த்து என்ன சொன்னாய் என்று நான் இங்கே அப்படியே எழுதுகிறேன், சுதாஜினியைக் கொண்டு திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுத்தான் எழுதுகிறேன். "ஓலைத்தடி நட்டிருக்கிற இடத்தைத் தேடுங்கோ, அதுக்குப் பக்கத்தில எறியுங்கோ, விரால் கட்டாயம் அடிக்கும், இது எங்கட ஊர் ஆக்களுக்கு மட்டும் தெரிஞ்ச ரகசியம்." எறிந்தாய், அடித்தது, பிடித்தாய், நெஞ்சோடு அணைத்துப் படம் எடுத்தாய். பிறகு நிறுக்க வேண்டும் அளக்க வேண்டும் என்று இறங்குதுறை வரைக்கும் கொண்டு வந்து, அங்கே தண்ணீரில் விட்டுவிட்டு, போயிட்டு வா எண்டு கை காட்டினாய். எங்கே போய் வருகிறது? அது காவல் நின்ற இடம் குளத்துக்கு அந்தப் பக்கம். நீ கை காட்டிக்கொண்டு நின்ற நேரத்துக்குள் அந்தக் குஞ்சுகளைச் செல்வன் மீனும் கொக்கும் தின்று முடித்திருக்கும்.

நீ போய் ஒரு மாதத்தால் கொழும்பிலிருந்து ஜீப்பில் வள்ளம் இழுத்துக்கொண்டு பெடியள் வந்தார்கள். மரியாதையான பெடியள், அதையும் சொல்ல வேண்டும். அன்ரி அன்ரி என்று பாதித் தமிழில் கதைத்து என் கடையில்தான் ஐஸ் வாங்கினார்கள், நானும் சந்தோசமாக வித்தேன், இன்னும் இரண்டு கட்டி எடுங்கோ தம்பி, வெயில் கூட என்றும் சொன்னேன். பார்த்தால் அவர்கள் நேரே ஓலைத்தடிகளுக்குத்தான் போயிருக்கிறார்கள். ஒரு தடியில் வள்ளத்தையே கட்டிவிட்டு இருந்து எறிந்திருக்கிறார்கள். கரையில் நின்ற ஆட்கள் கூடிவிட்டார்கள், சத்தம் கேட்டு நானும் போனேன். யாரைக் கேட்டுச் செய்தீர்கள் என்றதற்கு அதில் ஒருவன் போனை எடுத்து நீட்டினான். இந்த ஊர் ஆள்தான் சொன்னவர், நாங்கள் களவாக வரவில்லை, இதைப் பாருங்கோ என்றான். அந்தக் கண்ணாடித் துண்டுக்குள் உன் முகம். கரை முழுக்க ஆட்கள், எல்லோரும் போனைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். அந்தப் பெடியனுக்கு மட்டும் ஒன்றும் விளங்கவில்லை, அன்ரிக்கு இவரைத் தெரியுமா என்று கேட்டான். நான் பெத்தது என்று சொன்னேன்.

அடுத்த நாள் விடிய நான் மீன் நிறுத்துக்கொண்டு நிற்க, நல்லதம்பி மாமாவின் மனுசி இராசேஸ்வரி துறைக்கு வந்தாள். அவள் துறைக்கு வருகிறவள் அல்ல. கைக்குள் பொத்திக்கொண்டு வந்ததை என் தராசுத் தட்டில் போட்டாள். செம்மஞ்சள் குஞ்சம் கட்டின கெண்டைக்குஞ்சு, மூன்று கொழுக்கியில் ஒன்று குறட்டால் வெட்டப்பட்டிருந்தது. "விமலாக்கா, இது ஆரின்ர எண்டு நீங்களே சொல்லுங்கோ" என்றாள். நூலைப் பார்த்தேன். தெரியாது என்று சொல்ல எனக்கு ஒரு நிமிசம் வழி இருந்தது, கொழும்புப் பெடியளின் தலையில் போட்டிருந்தால் ஊரே நம்பியிருக்கும். என்ர மகன்ர என்று எல்லாருக்கும் கேட்கத்தான் சொன்னேன்.

உன் வீடியோவின் கடைசியில், பொழுதுபடுகிற நேரம், மோட்டரை ஓட்டிக்கொண்டு பின்னால் அதை இழுத்துக்கொண்டு போகிறாய். தூண்டில் தடி வளைகிறது, றீல் கத்துகிறது, தங்கூசி நூல் அறுகிறது. நீ துள்ளுகிறாய், ராட்சத விரால் ஒண்டு அறுத்துக்கொண்டு போட்டுது என்று. அந்த ராட்சத விரால் நல்லதம்பியின் வலை, மகன். அவர் பின்னேரம் விட்டுவிட்டு வந்த வலை. மிதவை வரிசையாய்த் தெரிகிறது, வீடியோவிலேயே தெரிகிறது, எனக்குத் தெரிகிறது, உனக்குத் தெரியவில்லை. விடிய அவர் வலையைக் கொத்தாக இழுக்கும்போது கொழுக்கி உள்ளங்கைக்குள் ஏறி, மற்றக் கொழுக்கி வலையில் நின்றதால் பாரம் இழுத்துக் கிழித்திருக்கிறது. வள்ளத்தில் தனியே இருந்து குறட்டால் வெட்டித்தான் கையை எடுத்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போனது பிந்தி, அதற்குள் சீழ் பிடித்து, நரம்பில் பட்டு, இப்போது வலக்கையில் இரண்டு விரல் மடங்குதில்லை. வலை இழுக்கிற கை.

நீ கனடாவுக்கு வெளிக்கிடுகிற அன்று காலை அவர் துணி சுற்றின கையோடு வந்து விரால் கருவாட்டுப் பார்சல் தந்தாரே, ஞாபகம் இருக்கிறதா? கையில் என்ன என்று நீதான் கேட்டாய், தகரம் வெட்டிப்போட்டுது என்றார். நீ சூட்கேசைத் திறந்து கனடாப் பிளாஸ்டர் ஒரு பெட்டி எடுத்துக் கொடுத்தாய், அவர் நல்லம் தம்பி என்று வாங்கிக்கொண்டு போனார். அவருக்கு அப்போதே தெரியும். அந்தக் குஞ்சத்தை நீ கட்டின நாள் அவர் கடை வாசலில்தான் நின்றவர். ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று இப்போது போய்ச் சண்டை பிடித்தேன். அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னார், "பெடியன் கனகாலத்துக்குப் பிறகு வந்து நிக்கேக்க இதை ஒரு கதையாக்கிறதே, அக்கா?" இராசேஸ்வரி குசினிக்குள் இருந்தே பதில் சொன்னாள், கை போனதுகூடப் பரவாயில்லை, உங்கட மகன் ஓலைத்தடியைக் காட்டிக்குடுத்திட்டான் என்று. காட்டிக்கொடுத்தல் என்ற சொல்லை இந்த மண்ணில் ஆட்கள் சும்மா வாயில் எடுப்பதில்லை என்று உனக்குத் தெரியும். அந்தச் சொல் என் பிள்ளையின் பெயரோடு சேர்ந்து வருவதை நான் நின்று கேட்டேன்.

இதைச் சொல்ல நான் போன் எடுத்தபோது நீ வேலையில் நிற்கிறேன் என்றாய், இரவு ஒரு குரல்பதிவு அனுப்பினாய். "அம்மா, அவையள் வலை போட்டு எல்லாத்தையும் அள்ளிக் கொல்லீனம், நாங்கள் பிடிச்சுப் படம் எடுத்திட்டு விடுறம், ஆர் குளத்தை அழிக்கினம் எண்டு யோசியுங்கோ." யோசித்தேன். நான் மீனுக்கு இரங்குகிறவள் என்று நினைக்காதே. விராலை உயிரோடு டிரம்முக்குள் போட்டு வவுனியாவுக்கு ஏற்றி நல்ல விலை பார்த்தவள் நான், அந்தக் காசில்தான் நீ பிளேன் ஏறினாய். நாங்கள் கொல்லுகிறோம், தின்னுகிறோம், விற்கிறோம், அதை மறைப்பதில்லை. ஆனால் எதைக் கொல்லக்கூடாது, எப்போது கொல்லக்கூடாது என்று ஒரு கணக்கு எங்களிடம் இருந்தது. நீ கொல்லாமல் விட்டு அந்தக் கணக்கைக் குழப்பினாய். உன் ஒன்ராறியோ ஏரியில் இந்தக் காலத்தில் இந்த மீனைத் தொட்டால் தண்டம் கட்ட வேண்டும் என்று நீயே எனக்குச் சொன்னவன். அங்கே லைசென்சைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு பயந்து பயந்து மீன் பிடிக்கிறாய். இங்கே எழுதி ஒட்டியிருக்கவில்லை என்றவுடன் சட்டமில்லாத ஊர் என்று நினைத்துவிட்டாய். அதுதான் எனக்கு எல்லாவற்றிலும் மேலான கோபம். வெளியில் இருந்து வந்தவன் அப்படி நினைத்தால் மன்னிப்பேன்.

மீன்பிடிச் சங்கம் கூடியது. தலைவர் எழும்பினால் இருக்கத் தெரியாத மனிசன், உன் பெயரைச் சொல்லிச் சொல்லி ஒரு மணித்தியாலம் கதைத்தார். நான் மீன் வாங்கிப் போடுகிற ஐஸ் பெட்டி துறையில் நிற்கக்கூடாது, மீன் முழுக்க வவுனியா லொறிக்காரனுக்குப் போகட்டும் என்று முடிவெடுத்தார்கள். சைக்கிள் கரியரில் குளிர் தாங்குகிற றெஜிபோம் பெட்டி கட்டித் தொடங்கின யாவாரம், உன் அப்பா இல்லாமல் போன பிறகு வேறு வழியில்லாமல் தொடங்கினது, அதை நிறுத்தச் சொல்லிக் கை தூக்கினார்கள். எனக்கு அவர்கள் மேலும் கோபம்தான், மழைக்காலத்தில் லொறி வராத நாளில் யார் மீன் எடுத்தது என்று கேட்டேன். ஆனால் என்னை உலுக்கினது அது அல்ல. பின்வரிசையிலிருந்து ஒருவன் சொன்னான், இனி ஓலைத்தடி நடுறதில்லை, நட்டால் கள்ளனுக்கு வழி காட்டுறது மாதிரி என்று. எல்லோரும் தலையாட்டினார்கள். நான் யாவாரி, எனக்கு உடனே விளங்கியது. தடி இல்லாவிட்டால் வலை குஞ்சுக்கு மேலால் போகும், கொஞ்ச வருசத்தில் விராலும் இல்லை, துறையும் இல்லை, லொறிக்காரனும் வரமாட்டான்.

அதனால் எழும்பி ஒரு பேரம் பேசினேன். குளத்துக் கரையோடு இருக்கிற எங்கள் காணி, நீ மரவீடு கட்டி வெள்ளைக்காரரைக் கொண்டு வந்து தங்க வைக்கப் போகிறேன் என்று படம் கீறி அனுப்பின காணி, அதைச் சங்கத்துக்கு வலைக்கொட்டில் போட விட்டுக்கொடுக்கிறேன் என்றேன். ஜீப்பில் வள்ளம் இழுத்து வந்து தண்ணீரில் இறக்கக்கூடிய ஒரே பாதை அதற்குள்ளால்தான் போகிறது. சங்கிலி போட்டுப் பூட்டித் திறப்பைத் தலைவர் கையில் கொடுத்துவிட்டேன். அதற்குப் பதிலாக வருகிற மார்கழிக்கு ஓலைத்தடி திரும்ப நட வேண்டும், என் பெட்டி துறையில் நிற்க வேண்டும். காணியில் பாதி உரிமை உன்னுடையது, உன்னைக் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். நீயும் தடியைக் காட்டிக்கொடுக்க முதல் யாரையும் கேட்கவில்லை. மரவீட்டுக் கதை அதோடு முடிந்தது. ஆட்கள் வந்து காசு செலவழிப்பது எனக்கு வேண்டாமென்றில்லை, சங்கத்தைக் கேட்டு, மாதம் பார்த்து, ஒழுங்காக வந்தால் நானே ஐஸ் விற்பேன். மற்றவன் கடை வாசலில் பாய் விரித்து யாவாரம் செய்கிறதற்கு மட்டும் நான் துணை இல்லை.

சங்கம் ஒத்துக்கொண்டது, ஆனால் ஒன்று கேட்டார்கள், அது என் கையில் இல்லை. சொன்ன வாயே மாற்றிச் சொல்ல வேண்டுமாம். அந்த வீடியோவை அழித்துவிட்டு, அதைப் போட்ட அதே இடத்தில், அதே முகத்தோடு, தொப்பியும் கண்ணாடியும் இல்லாமல் நீ வந்து, ஓலைத்தடி என்றால் கிட்டப் போகாதே என்று அர்த்தம், நான் பிழையாகச் சொன்னேன், வலையில் கொழுக்கியை விட்டதும் நான்தான் என்று சொல்ல வேண்டும். சித்திரைப் புதுவருசம் மட்டும் தவணை. அதுவரை என் பெட்டி துறையில் நிற்கும். நீ சொல்லாவிட்டால், அவர்கள் எடுக்கச் சொல்ல முதலே பெட்டியை நானே எடுத்துவிடுவேன். பிள்ளை வாய் திறக்காத இடத்தில் தாய் எந்த முகத்தோடு தராசு பிடிக்கிறது? உன்னைப் பார்த்துக் கை தட்டுகிற ஆட்கள் குறைவார்கள் என்று பயப்படுகிறாய் போல. குறையட்டும். நல்லதம்பியின் வீட்டில் உனக்குச் சோறு போட்டவர்கள் அதில் ஒருவரும் இல்லை.

வேறென்ன, ஏரி உறைந்து கிடக்கும்போது அதற்கு மேல் துளை போட்டு மீன் பிடிக்கப் போகிறாயாம், பத்மாசனி சொன்னாள். மாசி பங்குனியில் பனிக்கட்டி மெலியும் என்று தொலைக்காட்சியில் காட்டினார்கள், அந்த விளையாட்டை விடு. இரவு வேலை முடிந்து வந்து வெறும் பாணைத் தின்றுவிட்டுப் படுக்காதே. மிளகாய்த்தூளும் ஒடியல் மாவும் பத்மாசனியிடம் கொடுத்திருக்கிறேன். கருவாடு இந்தமுறை இல்லை, கேளாதே, காயவைக்கிற கை இப்போது வேலை செய்வதில்லை.

மார்கழி லீவுக்கு வருவதென்றால் வா, வராதே என்று ஒரு தாயும் எழுதமாட்டாள். பொய்மீன் பெட்டியும் தூண்டில் தடியும் மோட்டரும் அங்கேயே இருக்கட்டும். நல்லதம்பி ஒரு கையால் துடுப்புப் பிடிக்கிறார், வலை இழுக்க வள்ளத்தில் ஒரு ஆள் குறைவு, காவோலை கட்டவும் ஒரு ஆள் வேண்டும். விடியப் போய்த் துறையில் நில். அவர் ஒன்றும் கேட்கமாட்டார், நீதான் சொல்ல வேண்டும்.

அம்மன் உனக்கு நல்ல புத்தியும் நீண்ட ஆயுளும் தரட்டும். உடம்பைப் பார். சித்திரையை மறவாதே.

இப்படிக்கு,
உன் அம்மா
வி. விமலேஸ்வரி

பி.கு. பொதிக்குள் இருப்பது உன் பொய்மீன்தான். இராசேஸ்வரி அதைத் திருப்பிக் கேட்கவில்லை, உன்னிடமே சேரட்டும் என்றாள். பழைய சேலைத் துணியில் நாலைந்து சுற்றுச் சுற்றி வைத்திருக்கிறேன். மிச்சம் இருக்கிற இரண்டு முள்ளும் இன்னும் நல்ல கூர், அவசரப்பட்டுப் பிரித்துவிடாதே. பார்த்து எடு, ராசா.